இருபத்தேழாம் நம்பரின் இரண்டாவது வரி

உங்கள் அத்தை ஐரோலியில் வாடகை வீட்டில் இருப்பதற்குக் காரணம் நான். இதை என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் சாலில், அந்த ஒட்டு வரிசை வீடுகளில், இதை இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கம்ப்யூட்டர் தப்புச் செய்துவிட்டது என்கிறார்கள் சிலர். தம்பிக்காரன் வேண்டுமென்றே அக்காவைக் கழற்றிவிட்டான் என்கிறார்கள் மற்றவர்கள். நடந்ததை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான். உங்களுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள்.

தாராவியில் நம் சாலில் மொத்தம் எண்பத்து நாலு நம்பர். நமது இருபத்தேழு. உங்கள் தாத்தா பிடித்துப் போட்ட இடம் அது. அவர் போன பிறகு நான் அதிலேயே இருந்துவிட்டேன். உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, கணவர் இறந்து கைக்குழந்தையோடு வந்தபோது இடம் போதவில்லை. மேலே தகரம் போட்டு ஒரு தட்டு எழுப்பி, வெளிப்பக்கமாக ஓர் இரும்பு ஏணியைச் சாய்த்தோம். சாலில் பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மேலே கட்டினால் புது நம்பர் யாரும் வாங்குவதில்லை. கீழ் இருபத்தேழு, மேல் இருபத்தேழு, அவ்வளவுதான். தபால்காரருக்கும் பால்காரருக்கும் அது தெரியும். அக்கா தனியாக ரேஷன் கார்டு எடுத்தாள், தனியாக மீட்டர் வைத்தாள், தனியாக உலை வைத்தாள். ஆனாலும் என் மனதுக்குள் மேலும் கீழும் ஒரே வீடுதான். இந்த ஒரு நினைப்பு எவ்வளவு கெடுதல் செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் செம்பூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். படித்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை. எக்செல் மாதிரியான ஷீட்டை அங்கே வேலை செய்துதான் பழகினேன். ஒரு சாமானின் நம்பரைக் கொடுத்தால் அது எந்த ராக்கில், எந்த அடுக்கில் இருக்கிறது, எத்தனை மிச்சம் என்று வேறு வேறு பட்டியல்களில் தேடி எடுத்து ஒரே வரியாகச் சேர்த்துத் தர வேண்டும். ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஃபார்முலாக்கள் எனக்குப் போதவில்லை. நாமே சொந்தமாக ஃபங்ஷன் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு ஹிந்தி வீடியோவில் பார்த்தேன். சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாறி செம்பூர் போகிற வழியில், நின்றுகொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றது அது. ஆறு மாதம் ஆனது. முதல் ஃபங்ஷன் சரியாக ஓடிய அன்று மேனேஜர் என் மேஜைக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தச் செய்தி சால் வரைக்கும் வந்துவிட்டது. வராமல் இருக்குமா, நானே நாலு பேரிடம் சொன்னேன்.

அடுத்த வருடம் சர்வே வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. சால் முழுவதையும் இடித்துப் பெரிய கட்டடம் எழுப்புவார்கள், பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு வீடு உண்டு, பெயர் இல்லாதவர்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கமிட்டிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் தோல் பை பட்டறை வைத்திருக்கிறவர், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர், எல்லாருக்கும் பாய்.

“ஏ தம்பி, செம்பூர்ல நீ கம்ப்யூட்டர்லதான உக்காந்திருக்க?”

“ஆமா பாய்.”

“இந்தா பாரு, மூணு நோட்டு. வீட்டுக்காரன் பேரு ஒண்ணுல, ரேஷன் கார்டு ஒண்ணுல, லைட் பில்லு ஒண்ணுல. சர்வேக்காரன் வந்தா மூணையும் தலைல வச்சுக்கிட்டா ஓடுவேன்? ஒரே காயிதமா ஆக்கிக் குடு.”

“ஆக்கிருவோம் பாய்.”

“ஆக்கிருவோம்னா எப்போ? உம் பேரன் கல்யாணத்துக்கா? ஜல்தி வேணும்லே.”

மூன்று நோட்டுகளையும் மூன்று ஷீட்டுகளாக அடித்தேன். நம்பர் ஒரு கட்டத்தில், பெயர் ஒரு கட்டத்தில், கார்டோ பில்லோ அடுத்ததில். மேல்வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருக்கும் வடநாட்டு ஆட்கள், அவர்கள் பெயர் நோட்டில் கிடையாது. சொந்தமாகக் காகிதம் வைத்திருந்த மேல்வீடுகள் மூன்றே மூன்று. ஒன்பது, இருபத்தேழு, அறுபத்தொன்று. அந்த நம்பர்களுக்கு மட்டும் இரண்டிரண்டு வரி. கீழே இருப்பவர் பெயர் முதலில், மேலே இருப்பவர் பெயர் அதற்கு அடுத்து. இருபத்தேழிலும் அப்படித்தான். என் பெயர் முதல் வரி, அக்கா பெயர் இரண்டாவது வரி. என் கையாலேயே இரண்டையும் அடித்தேன்.

பிறகு ஃபங்ஷனை எழுதினேன். அதற்கு ‘வீடு’ என்று பெயர் வைத்தேன். ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு, வீடு என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் நம்பரைக் கொடுத்தால் போதும். அது மூன்று ஷீட்டிலும் மேலிருந்து கீழாக வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போகும். நம்பர் பொருந்துகிற வரி வந்ததும் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். பெயர், கார்டு, பில் மூன்றும் ஒரே வரியாகச் சேர்ந்து நிற்கும். கிடங்கில் நான் எழுதி வைத்திருந்ததையே கொஞ்சம் மாற்றி எழுதினேன். கிடங்கில் ஒரு நம்பருக்கு ஒரு சாமான்தான். இரண்டு சாமானுக்கு ஒரு நம்பர் போட்டால் வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

கிடைத்ததைக் கொடுத்த அந்தக் கணமே ஃபங்ஷன் வேலையை முடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்காது. அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் எழுதியதுதானே.

ஒன்று முதல் எண்பத்து நாலு வரை நம்பர் போட்டு, எல்லாவற்றுக்கும் ஓடும்படி ஃபங்ஷனைக் கீழே வரை இழுத்துவிட்டேன். எண்பத்து நாலு வரி வந்தது. எண்பத்து நாலு நம்பருக்கு எண்பத்து நாலு வரி. எண்ணிக்கை சரியாக இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி அறையில் அதைக் காட்டச் சொன்னார் பாய். மழை பெய்துகொண்டிருந்தது. இருபது இருபத்தைந்து பேர் ஈரக்குடையோடு உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

“பதினாலு போடு பாப்பம்!”

போட்டேன். வந்தது.

“ஏய், முப்பத்தொம்போது அடி. அவன் கார்டுல பொண்டாட்டி பேரு இருக்கா, இல்ல மாமியா பேரான்னு பாத்துருவோம்.”

“வீட்டு ரகசியமெல்லாம் இதுக்குத் தெரியுதுடே!”

“அதெல்லாம் இருக்கட்டும். உன் வீட்டைப் போடுலே முதல்ல.”

இருபத்தேழு என்று அடித்தேன். என் பெயர், என் கார்டு, என் பில். கை தட்டினார்கள். அப்போது அக்கா மாட்டுங்காவிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிற வேலை அவளுக்கு. முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. “எந்தம்பில்லா!” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். என் காதில் விழுந்தது. அந்தத் திரையில் அவள் பெயர் இல்லை.

பட்டியலை அச்செடுத்துக் கமிட்டிச் சுவரில் ஒட்டினார்கள். குறை இருந்தால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மேல் ஒன்பதில் இருக்கிற அம்மா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்யா, கீழ உள்ளவன் பேரு இருக்கு, என் பேரைக் காணலியே. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவளுக்குப் பின்னாலேயே மேல் அறுபத்தொன்றுத் தையல்காரரும் வந்தார். “எனக்கும் அதே கதைதான் தம்பி. நான் உசுரோடதான் இருக்கேன்னு இந்தம்மாவே சாட்சி.”

மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு பேர் பெயரும் மூல ஷீட்டில் இருந்தன. என் கண்ணால் பார்த்தேன். இருந்தும் பட்டியலில் வரவில்லை. இந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஃபங்ஷன் தப்பு என்று சொன்னால் எண்பத்து நாலையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கை தட்டியவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அடியில் எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று இரண்டு வரிகளைக் கையாலேயே அடித்துச் சேர்த்தேன்.

“உங்க காகஸ், கார்டு எல்லாம் லேட்டா வந்துது, அதான் விட்டுப்போச்சு” என்றேன்.

“லேட்டாவா? நான்தானே மொதல்ல கொண்டாந்து குடுத்தேன்!” என்றாள் அந்த அம்மா. பிறகு தன் பெயரைப் பார்த்ததும் சமாதானமாகிப் போய்விட்டாள்.

நான் ரயிலைப் பிடிக்க ஓடினேன். ஒன்பதும் அறுபத்தொன்றும் மேல்வீடு என்பது எனக்குத் தெரியும். நம் தலைக்கு மேலேயும் ஒரு மேல்வீடு இருக்கிறது என்பது அன்று முழுவதும் எனக்குத் தோன்றவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்களும் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

பத்து நாள் முடிந்தது. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார் பாய். போட்டேன்.

சர்வேக்காரர்கள் வந்தது ஒரு வேலை நாளில். நான் செம்பூரில், அக்கா மாட்டுங்காவில். உங்கள் அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். அவர்கள் பட்டியலைப் பார்த்து என் பெயரை வாசித்து, கதவில் ஓர் எண்ணை எழுதி, புது வீட்டுக்கான ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். ஏணியைப் பார்த்து மேலே யார் என்று கேட்டார்கள். “மதினி இருக்காங்க, தனிக் கார்டு, தனி மீட்டர்” என்று அம்மா ஹிந்தியில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பட்டியலைப் புரட்டினார்கள். “லிஸ்ட் மே நஹீ ஹை”, பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏணியில் ஒரு படிகூட ஏறவில்லை.

அன்று சாயங்காலம், செய்தி தெரிந்த அக்கா மகள் ஐரோலியிலிருந்து வந்ததும் மேலே ஏறாமல் நேரே நம் வீட்டுக்குள் வந்தாள். அவள் அங்கே ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மாமா, அந்த ஷீட்டைத் தெறங்க.”

திறந்தேன். ஃபங்ஷன் எழுதியிருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். அவள் படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“தேக்கோ, இங்க பாருங்க மாமா, மொதல்ல கெடைச்ச ஆளோட இது நின்னுருது. ரெண்டாவது ஆளைப் பாக்கவே இல்ல. உங்க பேரு கெடைச்சுது, அவ்ளோதான், கதம்.”

பட்டியலுக்குத் திரும்பி, கடைசி வரி வரை தள்ளிப் பார்த்தாள்.

“அப்போ ஒம்பதும் அறுபத்தொண்ணும் எப்படி வந்துச்சு? அடியில தனியா இருக்கே?”

“அது... லேட்டா வந்த காகஸ்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூல ஷீட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்பதும் அறுபத்தொன்றும் அதனதன் இடத்தில் இரண்டிரண்டு வரியாக இருந்தன. அவள் ஏணியேறிப் போய்விட்டாள்.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிருச்சுக்கா.”

“மெஷினுதானலே. சரி பண்ணிக்கிடலாம். நீ சாப்பிட்டியா?” என்றாள்.

அன்றைக்கே ஃபங்ஷனைத் திருத்தினேன். பொருந்துகிற வரி கிடைத்ததும் நிற்காமல், அதை ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி வரி வரை போய், எடுத்து வைத்ததையெல்லாம் சேர்த்துத் தரும்படி எழுத வேண்டும். இருபது நிமிட வேலை. இருபத்தேழு என்று அடித்தேன். என் பெயரும் அதன் கீழே அக்கா பெயரும் வந்தன. அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

புதுப் பட்டியல், அக்காவின் கார்டு, பில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாயும் நானும் அக்காவும் சர்வே அலுவலகத்துக்குப் போனோம். நாலு தடவை போய்த்தான் அதிகாரியைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு ஒரு நாள் வேலை போனது. அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு பழைய பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“யே லிஸ்ட் கிஸ்னே பனாயா?” யார் தயாரித்தது என்று கேட்டார்.

“மைனே, சாப்”, நான்தான் என்றேன்.

“ஆப் கஹாங் ரெஹ்தே ஹோ?”

எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். இருபத்தேழு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். ஹிந்தியில் மெதுவாகத்தான் சொன்னார். மேலே வேறு குடும்பம் இருந்திருந்தால் கீழே இருக்கிறவனுக்குத் தெரியாமலா போகும்? ஒன்பதையும் அறுபத்தொன்றையும் மேல்வீடு என்று தெரிந்து தனியாக எழுதியவன், தன் வீட்டுக்கு மட்டும் ஏன் எழுதவில்லை? எழுதவில்லை என்றால் அப்போது மேலே தனிக் குடும்பம் இல்லை என்றுதான் அர்த்தம். கார்டும் பில்லும் பிறகு சேர்த்தவையாக இருக்கலாம்.

“சாப், கம்ப்யூட்டர்...” என்று ஆரம்பித்தேன். பாய் என் கையைப் பிடித்து அழுத்தினார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. குடியிருப்பவர்களே தயாரித்துக் கொடுத்த பட்டியலில் பெயர் இல்லாததால் மனு ஏற்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. என் சீட்டை அக்கா பெயருக்கு மாற்ற முடியுமா என்று போய்க் கேட்டேன். முடியாது என்றார்கள். முடியும் என்றிருந்தால் செய்திருப்பேனா? உங்களையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மேல் ஒன்பதுக்கும் மேல் அறுபத்தொன்றுக்கும் சீட்டு கிடைத்துவிட்டது.

அக்கா அந்த மாதமே ஐரோலிக்குப் போனாள், மகள் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில். “இடிக்கும்போது கீழ நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா?” என்றாள். சாமான் ஒரு டெம்போ நிறையக்கூட இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். மாட்டுங்கா வேலைக்கு அவ்வளவு தூரத்திலிருந்து கொஞ்ச நாள் வந்துபோனாள். கால் வலி வந்து விட்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ஐரோலிக்குப் போனேன். தானேயில் வண்டி மாறும்போது திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டில் இல்லை. நான் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணவில்லை, ஒன்பதும் அறுபத்தொன்றும் வந்து கேட்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், காரணத்தைத் தேடாமல் இரண்டு பேரை மட்டும் கையால் எழுதிவிட்டு ரயிலுக்கு ஓடினேன், அதையே அந்த அதிகாரி உனக்கு எதிராகத் திருப்பினார், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

“ஒம்பதாம் நம்பர்க்காரி அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொன்னாளே. ‘உன் தம்பி எனக்கு எழுதிட்டான், நீயும் ஒரு வாட்டி போயிப் பாத்துக்க’ன்னா.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. “அன்னிக்கேவா? இன்னும் ஒரு வாரம் கெடு இருந்துச்சே. ஏன்க்கா என்கிட்ட கேக்கல?”

“எப்படிலே கேக்கது?” என்றாள். “எம் பேரை எழுதுனியான்னு உன் முன்னால வந்து நின்னா, அக்கா பங்கு கேட்டு வந்துட்டான்னு உம் பொண்டாட்டி நெனைக்க மாட்டாளா? அப்பா போனப்பவே நான் கேக்கல. அந்த மேல்தட்டு நீயாப் போட்டுக் குடுத்தது. அதுக்குக் காயிதம் இருக்கான்னு உங்கிட்டயே வந்து நிப்பேனா? அவளை விடு, நீ நெனைக்க மாட்டியா?”

நினைக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சீட்டு, வீடு, சதுர அடி என்று சால் முழுக்க அதே பேச்சாக இருந்த நாட்கள் அவை. நினைத்திருப்பேன்.

அக்கா நறுக்கிய பீன்ஸைத் தட்டில் ஒதுக்கிவிட்டு அடுத்த கைப்பிடியை எடுத்தாள்.

“பிள்ளைகளை ஏன் கூட்டிட்டு வரல?” என்று கேட்டாள்.